விடிகாலையில் உரியும் கருவிழி: களிம்பா, அறுவை சிகிச்சையா?

நோயாளி 36 வயதுப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தைப்பவர். பீஸ் ரேட் கணக்கில் சம்பளம். கணவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. மூன்றரை வயதில் ஒரு மகன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இடது கண்ணில் விட்டு விட்டு வரும் கடும் வலி, ஏறக்குறைய இரண்டு வருடமாக. முதல் நாள் வந்தபோது ஒரு துணிக்கடைக் கவர் நிறையச் சொட்டு மருந்து பாட்டில்கள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆன்டிபயாட்டிக், அலர்ஜிக்கான சொட்டு, சிவப்பை நீக்கும் சொட்டு, ஸ்டீராய்டு, செயற்கைக் கண்ணீர் என்று ஏறக்குறைய எல்லா வகையும் இருந்தன. பெரும்பாலானவை பாதிகூடத் தீரவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான் இருந்தது: "ஆபரேஷன் பண்ணிப்போட்டா இது தீந்துருமுங்களா, டாக்டரம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் நடந்ததுதான் இந்த ஆய்வு.

வலி வரும் நேரம்

ஆறிய கீறலின் இடத்தில் கருவிழித் தோல் திரும்பத் திரும்ப உரியும் இந்த நோயைப் (recurrent corneal erosion) பொறுத்தவரை, நோயாளி சொல்லும் கதையிலேயே முக்கால்வாசி நோயறிதல் முடிந்துவிடும். "நாலு, நாலரை மணிக்கு முழிப்பு வர்றப்பவே தெரிஞ்சிருமுங்க. இமை கண்ணோட ஒட்டிக் கெடக்கும். தொறந்தா உள்ளுக்குள்ள தோலை உரிக்கற மாதிரி இருக்கும். அப்பறம் பத்து, பதினோரு மணி வரைக்கும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்குமுங்க. லைட்டப் பாக்கவே முடியாது."

தூக்கத்திலிருந்து விழிக்கும் நேரத்தில் ஒரு கண்ணில் மட்டும் வெட்டுவதுபோன்ற வலி, மதியத்துக்குள் தணிந்துவிடுவது, சில நாட்கள் கழித்துத் திரும்ப வருவது. இதைக் கேட்டதும் நான் கேட்ட அடுத்த கேள்வி, முன்பு எப்போதாவது அந்தக் கண்ணில் கீறல் பட்டதா என்பது. அவர் யோசிக்கவே இல்லை. மகன் ஒன்றரை வயதில் மடியில் கிடந்து விளையாடும்போது விரல் நகம் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று சொட்டு மருந்து போட்டு, நாலு நாளில் சரியாகிவிட்டது. மூன்று மாதம் ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒரு விடிகாலையில் முதல் வலி. இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

இடையில் பார்த்த மருத்துவர்கள் அலர்ஜி என்றும், மெட்ராஸ் ஐ என்றும், ஒருமுறை ஒற்றைத் தலைவலி என்றும் சொல்லியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் அவரால் கிளினிக்குக்குப் போக முடியும். விடியற்காலையில் உரிந்த சின்ன இடம் அதற்குள் மூடிக்கொண்டிருக்கும். உரிந்த இடத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தாலும் கண் சுத்தமாக இருக்கும். நானும் முதல் நாள் மாலையில் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. அடுத்தமுறை வலி வரும் காலையில் முகம்கூடக் கழுவாமல் நேராக வரச் சொன்னேன். ஒன்பது நாள் கழித்து ஒரு துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏழரை மணிக்கு வந்தார்.

நகக்கீறல் ஏன் முடிவதில்லை

நகக்கீறலுக்குப் பின் இப்படித் திரும்பத் திரும்ப உரிவது கண் மருத்துவத்துக்குப் பழைய விஷயம். 1872-இல் ஹான்சன் என்பவர் இந்த நோயை முதலில் விவரித்தார். 1874-இல் வியன்னாவின் ஃபான் ஆர்ல்ட், நகக்கீறலுக்குப் பின் வந்த நிகழ்வைப் பதிவுசெய்தார். இன்றும் நாங்கள் பார்ப்பவர்களில் கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் நிறையப் பேர். காகித ஓரம், கரும்புத் தோகை, நெற்பயிரின் இலை ஓரம், தென்னை ஈர்க்கு ஆகியவையும் இதைச் செய்யும்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படலம். அதன் மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் மேல்தோல் ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்களால் ஆனது, ஏறக்குறைய 50 மைக்ரான். இது உடலிலேயே மிக வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் தோல்களில் ஒன்று. ஏழு முதல் பத்து நாளில் முழுவதும் மாறிவிடும். அதனால் காயத்தின் மேற்பரப்பு சீக்கிரம் மூடும், பார்வை தெளியும், வலி போகும். ஆனால் அந்தத் தோலைக் கீழே பிடித்துவைத்திருப்பது வேறு அமைப்பு. செல்களின் அடியில் நுண்ணிய கொக்கிகள், அவற்றின் கீழே ஓர் அடித்தளச் சவ்வு, அந்தச் சவ்விலிருந்து கருவிழியின் உட்பகுதிக்குள் இறங்கும் கொலாஜன் இழைகள். நகம் போன்ற மழுங்கிய ஓரம் இழுத்துக் கீறும்போது இந்த அடித்தளமே கிழிகிறது. அது திரும்பக் கட்டப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; சவ்வு மோசமாகக் கிழிந்திருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். நட்ட மூன்றாம் நாளே நாற்று பச்சையாகத்தான் தெரியும். வேர் பிடிப்பதற்குள் காற்றடித்தால் சாய்ந்துவிடும். கருவிழித் தோலுக்கும் அந்த வேர்பிடிக்கும் காலம் உண்டு.

இரவில்தான் ஆபத்து. தூங்கும்போது கண்ணீர் சுரப்பு குறைகிறது. இமை மூடியிருப்பதால் கண்ணீர் ஆவியாவதில்லை. அதன் உப்புச்செறிவு இறங்குகிறது. நீர் மேல்தோலுக்குள் ஊறி அது லேசாக வீங்குகிறது, பிடி தளர்கிறது. விழித்துக் கண் திறக்கும்போது இமையோடு ஒட்டிய தோல் துண்டு அப்படியே பெயர்ந்து வருகிறது. உடலில் நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக உள்ள இடம் கருவிழி. சாதாரணத் தோலைவிடப் பல நூறு மடங்கு. ஒரு மிளகு அளவுகூட இல்லாத உரிதலுக்கு ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவது மிகை ஆகாது. இதை அவருடைய கணவருக்கும் சேர்த்துத்தான் விளக்கினேன். "சின்னக் காயம்னு டாக்டருங்க எல்லாருமே சொல்றாங்க, இவ எதுக்கு இப்படிக் கத்தறா?" என்று அதுவரை அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

சோதனையில் தெரிந்தவை

பார்வை: வலது கண் 6/6, இடது 6/12. ஸ்லிட் லேம்ப் என்ற கண் சோதனை நுண்ணோக்கியில் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பாதியில் இரண்டரை மி.மீ. அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அதன் ஓரங்கள் சுருண்டு, தளர்ந்து கிடந்தன. சாயம் அதைவிடப் பெரிய வட்டத்தைக் காட்டியது. உரியாத, ஆனால் பிடிப்பில்லாத தோல் அது. அந்த வட்டத்தின் மேல் ஓரம் கண் பாப்பாவின் (pupil) எல்லைக்குள் கொஞ்சம் நுழைந்திருந்தது. இந்த ஒரு விவரம் பின்னால் முடிவெடுக்கையில் முக்கியமானது.

வலது கண்ணைக் கூடுதல் கவனத்தோடு பார்த்தேன். அடித்தளச் சவ்வே கோணலாக வளரும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. வரைபடக் கோடுகள், புள்ளிகள், கைரேகை போன்ற கோடுகள் தெரியும். அது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். இவருக்கு இல்லை. ஹெர்பிஸ் வைரஸ் புண்ணும் இதேபோல் திரும்பத் திரும்ப வரும். பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்ததில் உணர்ச்சி குறையவில்லை, புண்ணின் வடிவமும் பொருந்தவில்லை. சர்க்கரை சோதித்தோம், இல்லை.

சோதனைக்காக மரத்துப்போகும் சொட்டு ஒன்று விட்டேன். அரை நிமிடத்தில் வலி முழுக்க நின்றது. அவர் முகம் மாறியது. "இதையே குடுத்துருங்க, வீட்டுல வெச்சுக்கறேன்" என்றார். இந்த இடத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேசினேன். அந்தச் சொட்டு சோதனைக்கும் அறுவை சிகிச்சைக்கும் மட்டுமே. வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் வளர்வதே நின்றுபோகும், கருவிழி கரைந்து ஓட்டை விழும் நிலைகூட வரும். எந்த மெடிக்கல் கடையிலாவது யாராவது எடுத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, தழைச்சாறு பிழிவது எல்லாமே இதே கணக்குதான். திறந்திருக்கும் கருவிழியில் கிருமியைக் கொண்டுபோய் விடுகிற வேலை. (நாத்தனார் சொல்லி நந்தியாவட்டைப் பூச்சாறு இரண்டுமுறை விட்டிருக்கிறார். நல்லவேளையாகப் புண் எதுவும் ஆகவில்லை.)

இமைகளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, அழுத்தினால் கெட்டியாக வெளிவந்தன. அந்த அழற்சியிலிருந்து வரும் சில நொதிகள், புதிதாக உருவாகும் பிடிப்பு இழைகளைத் தின்றுவிடும். இரண்டாவது, கண்ணை லேசாக மூடச் சொன்னபோது இடது இமை முழுதாகச் சேரவில்லை. கணவரிடம் இரவு அவர் தூங்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்துவரச் சொன்னேன். படத்தில் இடது கண்ணில் ஒரு கோடு அளவுக்கு வெள்ளை தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மேலே சீலிங் ஃபேன், தலைமாட்டில் நேராக முகத்துக்கு வைத்த டேபிள் ஃபேன். திருப்பூர் வெயிலில் ஷீட் வீட்டில் அது இல்லாமல் தூங்க முடியாது. அதே காற்று இரவு முழுக்க அந்தக் கோட்டின் வழியாகக் கருவிழியைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

முதல் கட்டம்: செய்தது என்ன

அன்றே அறுவை சிகிச்சைக்குப் போகாததற்குக் காரணம் எளிமையானது. இந்த இரண்டு வருடத்தில் அவர் சுயகவனிப்பைச் செய்ததே இல்லை. வலி வந்தால் சொட்டு, போனால் பாட்டில் கவருக்குள். யாரும் அவருக்கு வேறு மாதிரி சொல்லவும் இல்லை. அப்படியிருக்க "மருந்து பலிக்கவில்லை, அறுவை சிகிச்சை" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரவு படுக்கும்போது 6 சதவீத சோடியம் குளோரைடு களிம்பு, கீழிமைக்குள் ஓர் அரிசி அளவு. உப்பு, தோலில் ஊறிய நீரை வெளியே இழுக்கும். களிம்பு, இமைக்கும் கருவிழிக்கும் நடுவே வழவழப்பாக நிற்கும். இதில் ஓர் உண்மையையும் அவரிடம் மறைக்கவில்லை. இந்த நோய்க்கான சிகிச்சைகளைத் தொகுத்து 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பின் அறிக்கை), நடந்த ஆய்வுகள் சின்னவை, தரம் குறைந்தவை என்றே சொல்கிறது. உப்புக் களிம்பு சாதாரண வழவழப்புக் களிம்பைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதனால், எரிச்சல் தாங்காவிட்டால் நிறுத்திவிட வேண்டாம், சாதாரணக் களிம்புக்கு மாறிக்கொள்ளலாம் என்றேன். நிறுத்தாமல் போடுவதுதான் முக்கியம்.

பகலில் பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர், நாலிலிருந்து ஆறு முறை. காலையும் இரவும் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், இமை ஓரத்தை நீவிவிடுதல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை குறைந்த அளவில் இரண்டு மாதம், முன்சொன்ன நொதிகளை அடக்குவதற்கு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வேறெதற்கும் அடங்காத உரிதல்கள் இந்த மாத்திரைக்கும் ஸ்டீராய்டு சொட்டுக்கும் அடங்கின. பங்கேற்றவர்கள் மிகச் சிலர்தான் என்றாலும் நடைமுறையில் பலரும் பின்பற்றுகிறோம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் எழுதினேன். மிதமான ஸ்டீராய்டு சொட்டு மூன்று வாரம், கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொண்டே. டேபிள் ஃபேனைக் கால்மாட்டுக்கு மாற்றினார்கள். இடது இமையை மைக்ரோபோர் டேப் ஒட்டி மூடிப் படுக்கப் பழகினார்.

விழிக்கும் முறையும் ஒரு சிகிச்சைதான். முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கக் கூடாது. மூடிய இமைக்குள்ளேயே கண்ணை மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் சொட்டை மூக்கோரத்து மூலையில் விட்டு, அது உள்ளே கசியும்வரை இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு சின்னதாகத் திறக்க வேண்டும். கசக்கவே கூடாது. விடியலில் குழந்தை அழுதால் சட்டென்று கண் திறக்காமல் இருக்கும் தாய் யார்? அந்தப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். இந்த நிகழ்வில் களிம்பைவிட அது பெரிய உதவி என்று இன்றும் நினைக்கிறேன்.

கம்பெனியில் கொடுத்த மாதக் காலண்டர் வீட்டுச் சுவரில் இருந்தது. அதில் வேலைக்குப் போக முடியாத அளவு பெரிய வலி வந்த தேதிக்கு வட்டம், ஒரு மணி நேரத்தில் அடங்கும் சின்ன உறுத்தலுக்குப் புள்ளி, களிம்பு போட்ட இரவுக்கு ஒரு டிக். படித்த படிப்பு எட்டாம் வகுப்பு என்று தயங்கினார். ஆனால் என்னிடம் வந்த எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை.

வருவதற்கு முன் அவர் நினைவிலிருந்து சொன்ன கணக்கு: பத்து நாளுக்கு ஒரு பெரிய வலி, வாரத்தில் மூன்று நாலு நாள் உறுத்தல். மூன்றாம் மாத இறுதியில் காலண்டரில் அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து இரண்டு வட்டங்கள். புள்ளிகள் வாரத்துக்கு ஒன்று. நாலாவது மாதம் வட்டமே இல்லை.

டிக் விழாத இரவுகள்

ஐந்தாவது மாதம் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி. இரவு பத்து மணிக்கு வீடு, காலை ஆறரைக்கு எழுந்து சமையல். வலியும் இல்லை. டிக்குகள் முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகி, பிறகு காணாமல் போயின. மூன்றாவது வாரத்தில் ஒரு வட்டம், இரண்டு நாள் கழித்து இன்னொன்று. ஷிப்மென்ட் முடிவதற்குள் நாலு நாள் சம்பளம் போனது.

நானும் அவரும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். வலி இல்லாத நாட்களில்தான் பிடிப்பு இழைகள் வளர்ந்துகொண்டிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் காலண்டர் காட்டியதை என் பேச்சு காட்டவில்லை. கணவர் பொறுமை இழந்திருந்தார்: "ஒரேயடியா ஆபரேஷன் பண்ணிட்டா இந்தக் களிம்புத் தொல்லையே இருக்காதுங்களே?" நாத்தனார் நேர் எதிர்ப்பக்கம். கண்ணில் கத்தி வைக்கவே கூடாது என்பது அவருடைய முடிவு.

கணவரின் கேள்விதான் இந்த நோயில் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம், அதனால் அதற்கு நீளமாகவே பதில் சொன்னேன். அறுவை சிகிச்சை தோலை ஒட்டவைக்காது. கெட்டுப்போன தோலையும் குப்பையாகிப்போன அடித்தளத்தையும் எடுத்துவிட்டு, புதுத்தோல் வளர ஒரு சுத்தமான தரையைக் கொடுக்கும், அவ்வளவே. அந்தத் தரையில் புதுத்தோல் பிடிக்க அதே மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் அதே இரவுக் களிம்பு, அதே டேப், அதே விழிக்கும் முறை. இமைச் சுரப்பி அடைப்பும், மூடாத இமையும் அப்படியே இருக்கும். களிம்பு போட முடியாத வாழ்க்கை முறையோடு அறுவை சிகிச்சைக்குப் போனால், அது தோற்கும் வாய்ப்பும் அதிகம்.

மேசையில் இருந்த வழிகள்

பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ்: கத்தி இல்லாத வழி. கருவிழியின் மேல் சில வாரம் முதல் மூன்று மாதம்வரை ஒரு மெல்லிய லென்ஸ். இவருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் நாளெல்லாம் வேலை. நம் ஊரில் கருவிழிப் புண்களில் பூஞ்சையின் பங்கு மிகப் பெரியது. 2013-இல் முடிவு வெளியான பெரிய பூஞ்சைப் புண் ஆய்வு அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பூஞ்சைப் புண் வந்தால் பார்வையே போகக்கூடும். உரிதல் வலிக்கும், ஆனால் பார்வையை அரிதாகவே பறிக்கும். இரண்டில் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஊசியால் குத்துதல்: வளைத்த நுண்ணூசியால் தளர்ந்த இடத்தில் அடுத்தடுத்துப் புள்ளிகளாகக் குத்தி, தழும்பின் மூலம் பிடிப்பு உண்டாக்குவது. 1986-இல் அறிமுகமானது. கிளினிக்கிலேயே செய்யலாம், செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு குத்தும் ஒரு சின்னத் தழும்பு. இவருடைய தளர்ந்த வட்டம் பாப்பாவுக்குள் நுழைந்திருந்ததால் அங்கே குத்தினால் வெளிச்சம் சிதறும். நாளெல்லாம் ஊசி நுனியைப் பார்த்துத் தைப்பவருக்கு அது சரிவராது.

எக்சைமர் லேசர்: தோலை எடுத்துவிட்டு, அடியில் உள்ள போமன் படலத்தில் சில மைக்ரானை மட்டும் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரால் சீவுவது. அமெரிக்காவில் 1995-இல் அனுமதி கிடைத்த முறை. நல்ல பலன் உண்டு, முக்கியமாகப் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு. கண்ணாடிப் பவர் கொஞ்சம் மாறலாம், லேசான மங்கல் சில மாதம் இருக்கலாம். கோவைக்குப் போகவேண்டும், செலவும் கூடுதல்.

வைரத்தூள் உருளை: தளர்ந்த தோலை எடுத்தபின், நுனியில் வைரத்தூள் பதித்த சின்ன உருளையால் போமன் படலத்தைச் சில விநாடிகள் மெருகேற்றுவது. வெறுமனே தோலை உரித்தெடுப்பதைவிட இதில் நோய் திரும்புவது குறைவு என்று வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. லேசரோடு ஒப்பிடும் அளவுக்குப் பலன், மிகக் குறைந்த செலவில்.

எதைச் செய்தாலும் முதல் மூன்று நாலு நாள் நல்ல வலி இருக்கும், பத்து நாளாவது வேலைக்குப் போக முடியாது, கிருமித் தொற்றுக்குச் சின்ன வாய்ப்பு உண்டு, நோய் திரும்ப வராது என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கே தோன்றாத ஒரு வழி. "இன்னும் மூணு மாசம் ஒரு ராத்திரிகூட விடாமப் போட்டுப் பாக்கறனுங்க. அதுக்கப்பறமும் ரெண்டு வட்டம் வந்துட்டா, அப்ப பண்ணிருங்க. மே மாசம்னா எங்கம்மா வந்து பையனப் பாத்துக்கும்."

முன்கூட்டியே ஓர் எல்லையை அவரே வகுத்துவிட்டார். வலி உச்சத்தில் இருக்கும் காலையில் யாரும் அறுவை சிகிச்சைக்குத் தலையாட்டுவார்கள். வலியே இல்லாத மாதத்தில் யாரும் வேண்டாம் என்பார்கள். இரண்டுமே நல்ல முடிவெடுக்கும் நேரம் இல்லை. அவர் போட்ட எல்லை அந்த இரண்டு மனநிலைக்கும் வெளியே இருந்தது.

இரண்டு வட்டங்கள்

அந்த மூன்று மாதமும் காலண்டரில் ஒரு டிக்கூட விடுபடவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு வட்டம். ஒன்பதாவது வாரத்தில் இன்னொன்று. சோதனையில் இமைச் சுரப்பிகள் நன்றாகத் திறந்திருந்தன, டேப் சரியாக வேலை செய்தது. ஆனால் தளர்ந்த வட்டம் மட்டும் சுருங்கவில்லை, உள்ளே நுண்ணிய நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. செய்ய வேண்டிய அனைத்தையும் செய்தும் அடித்தளம் பிடிக்கவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது. நாத்தனாரும் அந்தக் காலண்டரைப் பார்த்தபிறகு மறுத்துப் பேசவில்லை.

மே மாதம் வைரத்தூள் உருளை முறையில் செய்தோம். மரத்துப்போகும் சொட்டு மட்டும்தான், ஊசி இல்லை. உலர்ந்த ஸ்பாஞ்சால் தொட்டதும் தளர்ந்த தோல் ஒரே தாளாக வந்துவிட்டது. ஸ்லிட் லேம்பில் தெரிந்ததைவிடப் பெரிய பரப்பு. பிடிப்பு உறுதியாக உள்ள ஓரம்வரை எடுத்து, உருளையை அழுத்தாமல் ஓட்டி, கழுவி, பேண்டேஜ் லென்ஸ் வைத்தேன். லென்ஸ் இருந்த வாரம் முழுக்க ஆன்டிபயாட்டிக் சொட்டு. கம்பெனிப் பக்கமே போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

முதல் இரண்டு இரவும் வலி கடுமை. மாத்திரை போட்டும் சரியாகத் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் தோல் முழுக்க மூடியது, ஏழாம் நாள் லென்ஸை எடுத்தேன், பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போனார். முதல் மாதம் லேசான மங்கல் இருந்தது, பார்வை 6/9. மூன்றாம் மாதம் மங்கல் தெளிந்து 6/6 வந்தது. நூல் நிறம் பிரித்துப் பார்ப்பதில் முன்பிருந்த தடுமாற்றம் இல்லை என்று அவரே சொன்னார்.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. காலண்டரில் வட்டம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மூன்று புள்ளிகள், மூன்றும் விழித்துப் பத்து நிமிடத்துக்குள் அடங்கியவை.

வேறு யாராக இருந்தால்

இதே உரிதல் பாப்பாவை விட்டுத் தள்ளி இருந்திருந்தால் ஊசிமுறையை முதலில் யோசித்திருப்பேன். இரண்டு கண்ணிலும் பரம்பரைக் கோளாறு இருந்து பார்வையும் மங்கியிருந்தால் லேசருக்குச் சீக்கிரமே அனுப்பியிருப்பேன். கர்ப்பிணியாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் கிடையாது. பிரசவம் முடியும்வரை களிம்போடு காலம் தள்ளுவதே நல்லது. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவருக்குத் தோலை எடுப்பதே துணிச்சலான செயல், மூடுவதற்கு நாளாகும். முன்பு ஹெர்பிஸ் வந்த கண்ணென்றால் வைரஸ் தடுப்பு மாத்திரை இல்லாமல் லேசர் பக்கம் போகக் கூடாது. நாலாவது மாதத்தில் வட்டங்கள் நின்று, பிறகு வராமலே இருந்திருந்தால் இவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்காது. முதல் கட்டத்தைச் சரியாகச் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்தவரை.

இந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலி வந்த காலையிலேயே, கண் மூடிய நிலையிலேயே கண் மருத்துவரிடம் போங்கள். மாலையில் போனால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. வலி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ அது வெறும் உரிதலாக இல்லாமல் இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும்.

அவர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். களிம்பைப் படிப்படியாகக் குறைத்து வாரத்துக்கு மூன்று இரவாக்கியிருக்கிறோம். டேப்பை எப்போது நிறுத்தலாம் என்று சென்றமுறை கேட்டார். இமை இன்னும் முழுதாக மூடுவதில்லை என்பதால் அடுத்த வெயில் காலம் தாண்டும்வரை தொடரச் சொல்லியிருக்கிறேன்.